மருத்துவர் பதில்கள்: தூக்க மாத்திரைக்கு முன்னால் ஒரு பரிசோதனை

சென்ற இதழில் குறட்டையைப் பற்றி எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பல கடிதங்கள் ஏதாவதொரு மாத்திரையின் பெயரைச் சொல்லி அதைச் சாப்பிடலாமா என்று கேட்கின்றன. தூக்கம் ஏன் கெடுகிறது என்று கேட்பவை குறைவு. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 48. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இரவில் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி குறட்டை விடுவார். திடீரென்று சத்தம் நின்றுவிடும். மூச்சே இல்லாததுபோல் சற்று நேரம் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு மூச்சை இழுப்பார். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்துவிடுகிறார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறார். ஆனால் குண்டானவர் அல்லர். "அசந்து தூங்குகிறவனுக்குத்தான் குறட்டை வரும்" என்கிறார் மாமியார். இன்னும் நன்றாகத் தூங்கட்டும் என்று மாத்திரை வாங்கித் தரலாமா?
– லோரி ஓட்டுநரின் மனைவி

பதில்: வேண்டாம், சகோதரி. நீங்கள் எழுதியிருப்பது ஸ்லீப் அப்னியா என்னும் நோயின் அடையாளங்கள். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கும் உள்நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்சுக்காகப் போராடுகிறது, காற்று உள்ளே போவதில்லை, இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது, மூளை பதறி அவரை ஒரு கணம் எழுப்புகிறது. அந்தத் திணறல்தான் உங்களுக்குக் கேட்கிறது. அவருக்கு அது நினைவிருக்காது; காலையில் கேட்டால் எட்டு மணி நேரம் தூங்கினேன் என்று சத்தியமே செய்வார். தூக்க மாத்திரையும் மதுவும் அதே தசைகளை மேலும் தளர்த்தக்கூடியவை. நல்லெண்ணத்தோடு நீங்கள் தரும் மாத்திரை, அவரை எழுப்பிக் காப்பாற்றுகிற அந்தப் பதற்றத்தையும் மந்தப்படுத்திவிடும்.

கனடாவின் டொராண்டோ நகரில் அறுவைச் சிகிச்சைக்கு வரும் நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டு 2008இல் வெளியான ஸ்டாப்-பேங் என்ற வினாப்பட்டியலை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் 8 கேள்விகள். பலத்த குறட்டை உண்டா, பகலில் களைப்பு உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, இரத்த அழுத்தம் உண்டா என்பவை முதல் 4. உடல் எடை, 50ஐத் தாண்டிய வயது, கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பவை அடுத்த 4. உங்கள் கணவருக்கு எடையையும் வயதையும் கணக்கில் சேர்க்காமலே 5 'ஆம்' விழுகின்றன. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கொள்வது வழக்கம். அவர் குண்டாக இல்லாதது எந்த உத்தரவாதமும் தராது. கீழ்த்தாடை சிறியதாகவோ பின்னடைந்தோ இருப்பவர்களுக்கு மெலிந்த உடம்பிலும் இது வருகிறது.

வினாப்பட்டியல் சந்தேகத்தைத்தான் எழுப்பும். நோயை உறுதி செய்வது உறக்கப் பரிசோதனை. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி, மூளை அலை, கண்ணசைவு, மூச்சோட்டம், நெஞ்சசைவு, பிராணவாயு அளவு ஆகியவற்றைப் பதிவு செய்வது முழுப் பரிசோதனை. மூக்கில் சிறு குழாயும் நெஞ்சில் பட்டையும் விரலில் கவ்வியும் மாட்டி வீட்டிலேயே செய்யும் சுருக்கப் பரிசோதனையும் உண்டு. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும் குறைவதையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்று கணக்கிடுவார்கள். 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

முதலில் அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். அங்கே கட்டணம் 1 ரிங்கிட்தான். பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்தே கிடைக்கும். போவதற்கு முன் ஓரிரவு அவருடைய குறட்டையையும் நடுவில் மூச்சு நிற்பதையும் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் குறட்டை விடுவேன், டாக்டர்" என்று அவரே சொல்வதைவிட அந்தப் படம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். லைசென்ஸ் போய்விடுமோ என்று ஓட்டுநர்கள் இதை மறைப்பது எனக்குத் தெரியும். சிகிச்சை பெறாத ஸ்லீப் அப்னியா சாலை விபத்தைக் கூட்டுகிறது என்பதும், முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துவோரிடம் அந்த அபாயம் குறைகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரியவந்தவை. ஆகவே பரிசோதனை முடியும்வரை, கண் சொருகினால் லோரியை ஓரங்கட்டி நிறுத்துவது என்ற ஒரு வாக்குறுதியையாவது அவரிடம் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கடுமையான ஸ்லீப் அப்னியா என்று சொல்லி சிபாப் கருவியை மாட்டச் சொன்னார்கள். முகமூடி மூச்சை அடைப்பதுபோல் இருக்கிறது, மூக்கு காய்ந்துவிடுகிறது, இப்போது கருவி அலமாரியில் தூங்குகிறது. அது மாரடைப்பைத் தடுப்பதில்லை என்று ஒரு பெரிய ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாக அண்ணன் மகன் இணையத்தில் படித்துச் சொன்னான். அப்படியானால் எனக்கு அது எதற்கு?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பதில்: ஐயா, உங்கள் அண்ணன் மகன் படித்தது உண்மையான ஆராய்ச்சிதான், ஆனால் அதை முழுதாகப் படிக்க வேண்டும்.

1981ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டு மூச்சுவிட வைப்பதே முக்கியச் சிகிச்சையாக இருந்தது. அவ்வாண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுத்தால் தொண்டை அடைபடாது என்பதை 5 நோயாளிகளிடம் காட்டினார்கள். அதன் வழிவந்ததுதான் உங்கள் அலமாரியில் இருக்கும் கருவி. மூச்சுத்தடையை அது நிறுத்துகிறது என்பதில் அன்றும் இன்றும் ஐயமில்லை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சேர்த்துத் தடுக்கிறதா என்பதே பிறகு எழுந்த கேள்வி.

அதற்கு விடை தேடியது 2016இல் வெளியான சேவ் என்னும் ஆய்வு. ஏற்கனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவத்தோடு சிபாப் கருவியையும், மறுபிரிவுக்கு வழக்கமான மருத்துவத்தை மட்டும் கொடுத்து, சராசரியாக 3.7 ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய இரத்தக்குழாய் நோயால் மரணம் போன்றவை கருவி பெற்றவர்களில் 17.0 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 15.4 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. புள்ளியியல் கணக்கின்படி இது வேறுபாடாகாது. கருவி காக்கவுமில்லை, கெடுக்கவுமில்லை.

இதுவரை உங்கள் அண்ணன் மகன் சொன்னது சரி. ஆனால் அந்த ஆய்வில் கருவி பெற்றவர்கள் அதை ஓர் இரவுக்கு அணிந்தது சராசரியாக 3.3 மணி நேரம் மட்டுமே. விடியற்காலையில்தான் கனவுநிலை உறக்கம் மிகுதி. பலருக்கு அப்போதுதான் மூச்சுத்தடையும் மோசமாகிறது. அந்த நேரத்தில் முகமூடி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. மேலும், பகல் தூக்கம் மிகக் கடுமையாக இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அத்தகையவர்களுக்குக் கருவியைக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது முறையல்ல என்பது ஒரு காரணம். ஆகவே கருவியால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை.

4 மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தவர்களை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டபோது பக்கவாதம் குறைந்திருந்தது. இதை வைத்து வெற்றி என்று கொடி பிடிக்கவும் நான் தயாரில்லை. முகமூடியை விடாமல் அணிகிறவர் இரத்த அழுத்த மாத்திரையையும் விடாமல் சாப்பிடுகிறவராக இருப்பார். நன்மை எதனால் வந்தது என்று அந்த ஒப்பீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கல் முறையில் பிரிப்பதன் அவசியமே இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

அதே ஆய்வில் கருவி பெற்றவர்களுக்குக் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது, வேலைக்குப் போகாத நாள்கள் குறைந்தன. இதயத்துக்காக இல்லாவிட்டாலும் பகல் பொழுதுக்காக உங்களுக்கு அது தேவை. மூக்கு காய்ந்தால் கருவியோடு இணையும் ஈரப்பதமூட்டியைக் கேளுங்கள். முகமூடி பொருந்தவில்லையென்றால் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சில நாள்கள், மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது விழித்த நிலையிலேயே அரைமணி நேரம் மாட்டிப் பழகுங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் கீழ்த்தாடையை முன்னிழுக்கும் பல்லணை போன்ற வேறு வழிகள் இருக்கின்றன; அவற்றை மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அலமாரியில் பூட்டி அல்ல.

கேள்வி: உடல் எடை குறைக்கும் ஊசி போட்டால் குறட்டை நோய் தீர்ந்துவிடுமாமே?
– வாசகி, லிந்தாங்

பதில்: டிர்செபடைடு என்ற மருந்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உடற்பருமனும் ஸ்லீப் அப்னியாவும் சேர்ந்திருந்த 469 பேரிடம் 52 வாரங்கள் நடந்த இரு சோதனைகளின் முடிவு 2024இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களுக்கு மூச்சுத்தடை மணிக்குச் சுமார் 25 முதல் 29 வரை குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 5 அளவில் குறைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா இந்நோய்க்கு அதை அங்கீகரித்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் பருமனானவர்களிடம் மட்டுமே சோதிக்கப்பட்டது, நிறுத்தினால் எடை திரும்பக்கூடியது, மருத்துவர் கண்காணிப்பின்றிப் போடக்கூடாதது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் மெலிவு மருந்துகளுக்கும் இதற்கும் எந்த உறவுமில்லை.

கேள்வி: 62 வயதாகிறது. நாற்பது ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன். இப்போது வேலையில்லை. இரவு எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது; ஆறு மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் படுப்பேன். ஒரு கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், ஓராண்டாகச் சாப்பிடுகிறேன், இப்போது அதுவும் கேட்பதில்லை. இன்னும் பலமான மாத்திரை இருக்கிறதா?
– முன்னாள் மரம் வெட்டுத் தொழிலாளி

பதில்: ஐயா, எட்டரைக்குக் கண்ணயர்ந்து மூன்றுக்கு விழித்தால் ஆறரை மணி நேரம். மத்தியானத்து ஒரு மணியையும் சேர்த்தால் ஏழரை. உங்கள் வயதுக்கு அது குறைவே அல்ல. உங்களுக்குத் தூக்கம் போதுகிறது. அது வரும் நேரமும், படுக்கையில் கிடக்கும் நேரமும்தான் பொருந்தவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் அதிகம் சோதித்துப் பார்த்த மருந்தில்லாச் சிகிச்சை ஒன்று உங்களுக்கு ஒத்துவரும். தூங்காமல் படுக்கையில் கிடக்கக் கிடக்க, மூளை படுக்கையை விழிப்போடு இணைத்துக்கொள்கிறது என்ற கருத்தில் ரிச்சர்ட் பூட்சின் 1970களில் தொடங்கியதும், படுக்கும் நேரத்தையே குறைத்துத் தூக்கத்தை இறுக்கலாம் என்று ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் காட்டியதும் இன்று ஒரே சிகிச்சைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. இதற்கு மனநல நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் 642 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண கிளினிக் தாதியர் நான்கே அமர்வுகளில் இதில் படுக்கும் நேரத்தைக் குறைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். 6 மாதங்களுக்குப் பின்னும் பலன் நீடித்தது. எதிர்ப்பிரிவினருக்கு "கோப்பி குடிக்காதே, கைப்பேசி பார்க்காதே" என்ற வகை அறிவுரைப் புத்தகம் மட்டும் கிடைத்தது. அவர்கள் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. நாங்கள் மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுத்தனுப்புவது அந்தப் புத்தகத்தைத்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இதன் பொருள்: மத்தியானத் தூக்கத்தை விடுங்கள். இரவு பத்தரை வரை படுக்கையறைப் பக்கம் போகாதீர்கள். அந்திப் பொழுதில் வெளிச்சத்தில் நடப்பது விழித்திருக்க உதவும். காலை ஐந்துக்கு, தூங்கினாலும் தூங்காவிட்டாலும் எழுந்துவிடுங்கள். நடுவில் விழித்தால் புரளாமல் எழுந்துபோய் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது திரும்புங்கள். படுத்த நேரத்தில் 85 விழுக்காடாவது தூங்குகிறீர்கள் என்றால் வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். ஆறு மணி நேரத்துக்குக் கீழே நீங்களாகக் குறைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பகலில் களைப்பு கூடும். அப்போது மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டாம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரின்றி இதைச் செய்யக் கூடாது.

மாத்திரையை நாளையே நிறுத்திவிடாதீர்கள். ஓராண்டு பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். கொடுத்த மருத்துவரிடமே போய், வாரக்கணக்கில் அளவைக் குறைத்து நிறுத்தும் திட்டத்தைக் கேளுங்கள். வயதானவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது. சோல்பிடெம் வகை மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களில் சிலர் தூக்கத்திலேயே நடந்து, வண்டி ஓட்டி, காயமுற்றதால், 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அவற்றின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரெக்சின் என்ற மூளைச் சுரப்பைத் தடுக்கும் புதுவகை மருந்துகள் வேறு விதமாக வேலை செய்கின்றன; ஆனால் உங்களுக்கு அவையும் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: பாதித் தூக்கத்தில் விழிப்பு வருகிறது, ஆனால் கைகால் அசைக்க முடியவில்லை, யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. அமுக்குவான் பேய் என்று பாட்டி தாயத்துக் கட்டிவிட்டார்.
– படிவம் 5 மாணவி

பதில்: தாயத்து இருக்கட்டும், பாட்டியின் மனம் நோக வேண்டாம். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமலிருக்க மூளை தசைகளை முடக்கி வைக்கிறது. சில சமயம் அறிவு விழித்துக்கொள்கிறது, முடக்கம் விலகச் சற்றுத் தாமதமாகிறது. இரவு வெகுநேரம் விழித்துப் படிப்பவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். ஆபத்தில்லை. ஆனால் இதோடு பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் மடங்குவதும் இருந்தால், அது நார்கோலெப்சி என்ற வேறு நோயாக இருக்கலாம்; உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நாற்றுமேட்டில் வேலை செய்கிறேன், வயது 39. இரவில் படுத்ததும் காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது; எழுந்து நடந்தால் நிற்கிறது; படுத்தால் மறுபடியும். தூக்கம் வருவதற்காக மருந்துக்கடையில் சளி மருந்து வாங்கிக் குடிக்கிறேன். இன்னும் மோசமாகிறது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஓய்வில் தொடங்குவது, அசைந்தால் தணிவது, இரவில் கூடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது அமைதியற்ற கால் நோய். 1945இல் சுவீடன் நாட்டு மருத்துவர் எக்பொம் இதை விரிவாக விவரித்தார். தூக்கம் வரவைக்கும் பழைய சளி மருந்துகள் இந்நோயைத் தூண்டுபவை. முதலில் அந்தப் போத்தலைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து, இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பை அது காட்டும். பொதுவான பரிசோதனையில் இரத்தசோகை இல்லை என்று வந்தாலும் இந்நோய்க்கு ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பது வழக்கம். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இரும்பை மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்குப் பின் உடனே குடிக்கும் தே தாரிக்கையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள் பல ஆண்டுகள் முதல் தேர்வாக இருந்தன. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களில் பலருக்குத் தொல்லை மாலையிலேயே தொடங்கி கைகளுக்கும் பரவியதைக் கண்டபின், 2025இல் வெளியான அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமியின் வழிகாட்டி அவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சில வாரச் சோதனையில் நன்றாகத் தெரிந்த மருந்து பத்தாண்டில் வேறு முகம் காட்டியது இப்படித்தான்.

கேள்வி: செம்பனை ஆலையில் இரவு ஷிப்டு செய்கிறேன். பகலில் தூக்கம் வருவதில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றில் ஷிப்டு வேலையாட்களின் தூக்கத்தைப் பற்றிய மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்கள். சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்குப் பொய் மருந்தாம். எலிபோல் ஆகிவிடுவேனோ என்று அம்மா பயப்படுகிறார்.
– ஆலைத் தொழிலாளி, வயது 27

பதில்: தம்பி, அம்மாவின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது, மனிதர்களை ஏமாற்றிச் செய்த சோதனைகள் உலகில் நடந்தன, அதனால்தான் 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம் போன்ற விதிகள் வந்தன. நம் நாட்டில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளுக்கு அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள், சொல்லியாக வேண்டும்.

பொய் மருந்து என்பது உங்களை ஏய்ப்பதற்கல்ல. தூக்க ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களும் கணிசமாக முன்னேறுகிறார்கள். தினமும் ஒருவர் அழைத்து விசாரிப்பதும், தூக்கக் குறிப்பேட்டை எழுதுவதும், நேரத்துக்குப் படுப்பதுமே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. ஒப்பிட ஒரு பிரிவு இல்லாவிட்டால் அந்த முன்னேற்றம் முழுவதும் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

சேர்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெளியுங்கள். ஷிப்டு முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும்போது மருந்தின் மயக்கம் இருக்குமா? பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? இரவில் அழைக்க எந்த எண்? சோதனை முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? உங்கள் பெயரும் இரத்தமாதிரியும் எங்கே வைக்கப்படும், ஆலை நிர்வாகத்துக்குத் தகவல் போகுமா? கடைசிக் கேள்வி முக்கியம், போகக் கூடாது. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலக உங்களுக்கு உரிமை உண்டு. விலகினால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படாது என்பது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

விளக்கத் தாளை அங்கேயே புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்; மலாயில் புரியாத இடங்களைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அதைத் தர மறுக்கும் ஆய்வில் சேர வேண்டாம்.